பெட்டி சுகமோ?

மூன்றாவது கிடங்கை வெட்டியும் ஒன்றும் இல்லை. தயாபரன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, வேலிக்கு மேலால் பக்கத்து வளவுப் பரமலிங்கத்தின் தலை தெரிந்தது. கூடவே ஒரு தேநீர்க் கோப்பையும் தெரிந்தது. ஆள் வசதியாக நின்று நெடுநேரம் பார்த்திருக்கிறார்.

"என்ன தயா, விடியக்காலமையே கிடங்கு?"

"கக்கூசுக்கு அண்ணை."

"மூண்டு கக்கூசோ?"

புதுக்குடியிருப்பில் ஒருவர் தன் சொந்த வளவில் வாழைக்குட்டி நடக் குழி வெட்டினாலும், ஊர் அதைத் தங்கம் என்றுதான் முடிவுகட்டும். சண்டை முடிந்த நாளிலிருந்து யாரோ புதைத்த தங்கத்தை வேறு யாரோ தேடிக் கிண்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு மூக்குத்தி அகப்பட்டதாகக்கூடக் கதை இல்லை. அதனால் ஊரின் நம்பிக்கை ஒன்றும் தளர்ந்துவிடவில்லை. இந்தப் பயத்தில்தான் தயாபரன் இத்தனை காலமாக மண்வெட்டியைத் தொடாமல் இருந்தார்.

அவர் தேடியது தங்கம் அல்ல, மாமனார் வீரகத்தி சீதனமாகக் கொடுத்த டூல்ஸ் பெட்டி. லேத் வேலை செய்பவர்கள் தங்கள் அளவுக் கருவிகளை வைக்கும் மரப்பெட்டி அது. மேலே மூடி, கீழே வரிசையாக இழுத்துத் திறக்கும் லாச்சிகள், லாச்சிக்குள் பச்சைத் துணி. வீரகத்தி தொழிற்சாலையில் லேத் ஓட்டிய காலத்தில், வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் ஊர் திரும்பும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது.

தயாபரன் ஸ்கந்தபுரத்துக்குப் பெண் பார்க்கப் போன அன்று, கமலாசனியைவிட அந்தப் பெட்டியைத்தான் கூடுதல் நேரம் பார்த்தார். சொந்தமாக லேத் பட்டறை வைத்திருப்பவரின் கண் அப்படித்தான் போகும். சீதனப் பேச்சு வந்தபோது, காணியும் வேண்டாம், நகையும் வேண்டாம், அந்தப் பெட்டி போதும் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். வீரகத்தியின் முகம் ஒருமாதிரிப் போனது. ஆனாலும் கலியாணத்தன்று பெட்டி மணவறைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. குத்துவிளக்குச் சரிந்து அதன் மூடியில் ஒரு கறுப்புத் தழும்பும் விழுந்தது.

கடைசி இடப்பெயர்வில் தயாபரன் பெட்டியை வளவில் புதைத்துவிட்டு ஓடினார். திரும்பி வந்தபோது அடையாளத்துக்கு நின்ற வேப்பமரம் இல்லை. வீரகத்தியோ, தான் புதைத்தவற்றை ஒரு சட்டி மூடிகூடத் தவறாமல் கிண்டி எடுத்தவர். கேட்பவர்களை இருத்தி வைத்து அந்தக் கதையைச் சொல்வார். அப்படிப்பட்டவரிடம் போய், புதைத்த இடம் தெரியவில்லை என்று எந்த மருமகன் சொல்வான்? "பத்திரமா இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டார்.

அன்று பிடித்தது சனி. தொலைபேசி எடுத்தால் மகளின் சுகம் கேட்குமுன், "பெட்டி சுகமோ?" என்றுதான் வீரகத்தி கேட்பார். வீட்டுக்கு வந்த சமயங்களில், ஒரு தகரப் பெட்டியைத் துணியால் மூடித் தூரத்தில் வைத்துக் காட்டினார்கள். அவருக்குக் கண்ணில் வெண்படலம். ஏனோ, துணியை நீக்கச் சொல்லி அவரும் கேட்டதில்லை.

இப்போது வீரகத்தி கண் சத்திரசிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து தன் வீட்டுக்கு வந்துவிட்டார். முதல் வேலையாகத் தொலைபேசி எடுத்தார்.

"எனக்கு இப்ப எறும்பு ஊருறதும் தெரியுது. ஞாயிற்றுக்கிழமை வாறன். பெட்டியை ஒருக்கா வடிவாப் பாக்கோணும். பாத்துப்போட்டு வயல் கதையையும் கதைப்பம்."

வயல் என்றதும் கமலாசனி நெஞ்சில் கையை வைத்தாள். அக்கராயன் குளத்துத் தண்ணீர் பாயும் வயல். லண்டனில் இருக்கும் தங்கை தேனுகா அதை விற்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். கமலாசனியின் மகள் அனோஜாவோ விவசாயம் படித்து முடித்துவிட்டு, விதைக்க ஒரு துண்டு நிலம் இல்லாமல் பூச்சாடியில் மிளகாய் வளர்த்துக்கொண்டிருந்தாள்.

"சாமானைப் பாதுகாக்கத் தெரியாதவனிட்ட நிலம் குடுக்கமாட்டன் எண்டு அப்பா சொல்லுவார்" என்றாள் கமலாசனி. "பெட்டி இல்லையெண்டால் வயலும் இல்லை. பிள்ளைக்கு நீங்களே பதில் சொல்லுங்கோ."

அதனால்தான் மூன்று கக்கூஸ்.

மத்தியானத்துக்குள் பொலிஸ் ஜீப் வந்துவிட்டது. இரண்டு பொலிஸ்காரர்கள் முருங்கை மர நிழலில் கதிரை போட்டு அமர்ந்து, "நீங்க வெட்டுங்க, நாங்க சும்மா பாக்கிறம்" என்றார்கள். வேலி முழுவதும் தலைகள். நான்காவது கிடங்கில் மண்வெட்டி இரும்பில் பட்டு 'ணங்' என்றது. பொலிஸ்காரர்கள் கதிரையை விட்டு எழுந்தார்கள். மேலே வந்தவை ஒரு பித்தளைக் கைபிடி, ஒரு பூட்டு, நான்கு பிணைச்சல், இரண்டு கை நிறைய, மரம் உக்கிய பழுப்பு மா.

"தங்கத்தையும் கறையான் தின்னுமோ?" என்று பரமலிங்கம் கவலையோடு கேட்டார்.

தயாபரன் கிடங்குக்குள்ளேயே இருந்துவிட்டார். "இங்கிலாந்து ஓக் மரம். நூறு வருசத்துக்கு ஒண்டும் செய்யாது எண்டு மாமா சொன்னவர்."

"எங்கட கறையான் இங்கிலீஷ் படிக்கேல்லை" என்று சொல்லிவிட்டுக் கமலாசனி உள்ளே போனாள்.

அடுத்த நாள் தயாபரன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கம் இருந்த பழைய இரும்புக் கடைகள் எல்லாம் ஏறி இறங்கினார். கடைசியாகக் கச்சு முகம்மதுவின் கடை. உடைந்த தண்ணீர்ப் பம்பிகளுக்குப் பின்னால் அது குந்திக்கொண்டிருந்தது. கோழி எச்சமும் வைக்கோலும் அப்பிய ஒரு மரப்பெட்டி. தயாபரன் விரலால் சுரண்டினார். மூடி, லாச்சிகள், மூலைப் பொருத்து, எல்லாம் அச்சொட்டாக அதே மாதிரி.

"முகம்மது நானா, இது எங்கால வந்தது?"

"கிளிநொச்சிப் பக்கம் லொறி போகக்குள்ள ஏத்தினது. ஆரோ கோழிக்கு வச்சிருந்திருக்காங்க" என்றார் கச்சு முகம்மது. "மரத்தைப் பாருங்க, தம்பி. ஒரு பூச்சி அரிச்ச ஓட்டை இருந்தாச் சொல்லுங்க."

ஒன்றுகூட இல்லை. இதுவல்லவோ மரம் என்று தயாபரன் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். மாமனாரை ஏமாற்றிய வெள்ளைக்காரன்மேல் அவருக்குக் கோபம்கூட வந்தது.

பட்டறையைப் பூட்டிவிட்டு வேலையில் இறங்கினார். எச்சத்தைச் சுரண்டிக் கழுவினார். பிணைச்சல்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். வீட்டிலிருந்த புளி முழுவதையும் போட்டுப் பித்தளையைத் தேய்த்தார். பிறகு மரத்துக்குச் சாண்ட்பேப்பர் பிடித்து, வார்னிஷ் அடித்து, கமலாசனியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"வடிவாத்தான் இருக்கு" என்றாள் கமலாசனி. "நேற்றுக் கடையில வாங்கின அலுமாரி மாதிரி. அப்பாவுக்கு இப்ப எறும்பு ஊருறதும் தெரியுதாம், ஞாபகமிருக்கோ?"

தயாபரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வார்னிஷை உரித்தார். மரம் வெளிறிப் போனது. நிறம் கொடுக்கக் குசினிக்குள் ஓடி, அடுப்பில் நின்ற தேயிலைச் சாயத்தைக் கேத்தலோடு எடுத்து வந்து ஊற்றினார். நல்ல பழைய நிறம் வந்தது. கமலாசனி ஏற்கனவே சீனி போட்டிருந்தாள் என்பது எறும்பு வந்த பிறகுதான் தெரிந்தது. மாமனாரின் புதுக் கண்ணுக்கு வேலை வைக்கவேண்டாம் என்று மண்ணெண்ணெய் பூசினார். எறும்பு போனது, வீடு பெற்றோல் செட் மாதிரி மணத்தது. மணத்தைப் போக்கச் சாம்பிராணி போட்டார். பரமலிங்கம் வேலிக்கு வந்து, தங்கத்துக்குப் பூசையோ என்று கேட்டார்.

அடுத்தது தழும்பு. குத்துவிளக்குச் சுட்ட அடையாளம் இல்லாவிட்டால் மாமனார் நம்புவாரா? ஒரு கம்பியைப் பழுக்கக் காய்ச்சி மூடியின் வலதுபக்கத்தில் வைத்தார். புகை அடங்கியபோது கமலாசனி வந்து நின்றாள்.

"அது இடப்பக்கம் எல்லோ?"

"இல்லை, வலப்பக்கம். எனக்கு நல்ல ஞாபகம்."

தேனுகாவிடம் கேட்டதும், லண்டனிலிருந்து வட்சப்பில் கலியாணப் படம் வந்தது. இடப்பக்கம். தயாபரன் இடப்பக்கமும் சுட்டார். வலப்பக்கத் தழும்பின்மேல் ஒரு பித்தளைத் தகட்டை வெட்டி அறைந்தார். அதற்குப் பொருத்தமாக மற்ற மூலைகளுக்கும் அறைந்தார். பெட்டி சவப்பெட்டி மாதிரி வந்துவிட்டதே என்று பயந்து, எல்லாவற்றையும் கழற்றி ஒன்றை மட்டும் விட்டார். கிடங்கில் கிடைத்த பழைய கைபிடியைக் கொண்டுவந்து பூட்டினார். அதைப் பிடித்துப் பார்த்தாலே மாமனாரின் கைக்கு நம்பிக்கை வந்துவிடும் என்று ஒரு கணக்கு.

லாச்சிக்குள் விரிக்கப் பச்சைத் துணி முல்லைத்தீவிலும் இல்லை, கிளிநொச்சியிலும் இல்லை. சனிக்கிழமை அனோஜா அலுமாரியைத் திறந்துவிட்டுக் கத்தினாள்: "அம்மா! உங்கட பச்சை வெல்வெட் சட்டைக்குக் கை மட்டும்தான் இருக்கு!"

அந்த வீட்டில் அதற்குப் பிறகு நடந்த பேச்சு அச்சில் ஏற்றக்கூடியது அல்ல. "வயல் கிடைச்சால் பத்துச் சட்டை எடுக்கலாம்" என்று தயாபரன் பட்டறைக்குள்ளிருந்து கதவுக்குப் பின்னால் நின்று சொன்னார்.

ஒரே ஒரு குறை. அடி லாச்சி இறுகிக்கொண்டு திறக்க மறுத்தது. தட்டினார், எண்ணெய் விட்டார், கும்பிட்டும் பார்த்தார். அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீரகத்தி கறுப்புக் கண்ணாடியோடு பஸ்ஸால் இறங்கினார். பின்னால் மாமியார் மீனம்மா பையோடு வந்து, நேரே குசினிக்குள் மகளிடம் போனார். வீரகத்தி தண்ணீர்கூட வாங்கவில்லை.

"எங்க பெட்டி? நீர் சொல்லுறதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. காட்டும் பாப்பம்."

தயாபரன் துணியை நீக்கினார்.

வீரகத்தி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். பார்த்தார். குனிந்து மூலைப் பொருத்தைப் பார்த்தார். மூக்கை வைத்து மணந்தார். கைபிடியைப் பிடித்தவர், சுட்டதுபோலக் கையை எடுத்தார். மூடியின் இடப்பக்கத் தழும்பை விரலால் தடவினார்.

"இது... இந்தத் தழும்பு..."

"கலியாணத்தண்டு குத்துவிளக்குப் பட்டது, மாமா. உங்களுக்கு மறந்துபோச்சோ?"

"மறக்கேல்லை" என்றார் வீரகத்தி மெதுவாக. நெற்றி வேர்த்திருந்தது.

பிறகு நடந்ததுதான் தயாபரனைக் கலங்கடித்தது. அவர் அறியாமலேயே செய்வதுபோல, வீரகத்தி முழங்காலால் பெட்டியின் பக்கத்தில் ஒரு இடி இடித்தார். நாட்கணக்கில் மல்லுக்கட்டிய அடி லாச்சி தானாகத் திறந்தது. அனுபவம் என்றால் இதுதான் என்று தயாபரன் வியந்து முடிப்பதற்குள், லாச்சிக்குள் கிடந்த பொருளைக் கண்டு அவருக்கு உயிர் போய்விட்டது. ஒரு பழைய மூக்குக்கண்ணாடி. ஒரு பக்கக் காலில் நூல் சுற்றிய, யாரோ முன்பின் தெரியாத மனிதனின் மூக்குக்கண்ணாடி!

"அது என்ர, மாமா!" என்றார் பாய்ந்து. "தேடித் திரிஞ்சனான்."

வீரகத்தி கண்ணாடியையும் மருமகனையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது சந்தேகம் என்று தயாபரன் நினைத்தார். உடனே அதை வாங்கி மூக்கில் மாட்டிக்கொண்டார். உலகம் முழுவதும் கஞ்சியாகக் கரைந்துபோனது. கஞ்சிக்கு நடுவில் மாமனார் போலத் தெரிந்த நிழலைப் பார்த்துச் சிரித்தார்.

"ஓம்... ஓம், உங்கடதான்" என்றது நிழல். "பெட்டியும் உங்கடதான். நீங்கள்... நீங்கள் நல்லா வைச்சிருக்கிறியள்."

தயாபரனுக்குக் காது குளிர்ந்தது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து 'நீர்' என்று மட்டுமே சொன்ன மனிதர் இன்று 'நீங்கள்' என்கிறார்!

"வயல் அனோஜாவுக்குத்தான்" என்று வீரகத்தி அவசரமாகத் தொடர்ந்தார். "நாளைக்கே நொத்தாரிசிட்டப் போய் உறுதி எழுதுவம். தேனுகாவோட நான் கதைக்கிறன். நீங்கள் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லவேண்டாம். பழைய கதையள் எல்லாத்தையும் இதோட விடுவம் என்ன, தம்பி?"

"என்ன பழைய கதை, மாமா? விடுவம், விடுவம்."

கோழிக்கறியும் புட்டும் ஆறிக்கொண்டிருந்தன. வீரகத்தி சாப்பிட இருக்கவில்லை. பஸ் வந்துவிடும் என்று சொல்லி, வராத பஸ்ஸுக்காகப் படலையைத் தாண்டி ஓட்டமும் நடையுமாகப் போனார். அனோஜா துள்ளிக்கொண்டு அவருக்குப் பின்னால் குடையோடு ஓடினாள். கமலாசனி வெல்வெட் சட்டையை மன்னித்துவிட்டாள். தயாபரன் கண்ணாடியைக் கழற்றக்கூட மறந்து நடுவீட்டில் நின்று சிரித்தார்.

"பாத்தீங்களே மாமி, மாமா அப்படியே உருகிப்போனார்" என்றார் மீனம்மாவிடம்.

மீனம்மா புட்டுப் பார்சலைப் பைக்குள் வைத்தார். பெட்டிக்குக் கிட்டப் போய் அதன் மூடியைத் தூக்கிப் பார்த்தார், மருமகனின் மூக்கில் இருந்த கண்ணாடியையும் பார்த்தார். பிறகு படலைப் பக்கம் திரும்பி ஆள் தூரத்தில்தான் நிற்கிறார் என்று உறுதிசெய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்குக் குடுக்க மனமில்லாமல் அவர் கோழிப்பெட்டியாக்கி ஒளிச்சு வைச்சிருந்த இந்த வெள்ளைக்காரன்ர பெட்டியை, அவர் ஆசுப்பத்திரியில கிடக்கேக்கை பழைய இரும்புக்குப் போட்டது நான்தான், தம்பி, ஆனால் சீதனமாத் தந்தது தச்சன் இதைப் பாத்து மாம்பலகையில அடிச்ச பெட்டியெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"