ஒட்வார் இருட்டைப் பார்த்த கதை

இந்த வருஷம் எப்படியும் ஜெயித்தே தீருவது என்று ஒட்வார் சபதம் எடுத்துக்கொண்டார். எடுத்த இடம் படகுக் கொட்டகை. வீட்டுக்குள் எடுத்தால் எல்ஃப்ரிட்டின் காதில் விழுந்துவிடும். மனசுக்குள் எடுத்தாலும் விழுந்துவிடும் என்பது அவருடைய இல்லற அனுபவம்.

பந்தயம் இதுதான். வடகோடியில், மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு புகுந்த அந்த ஃபியோர்டுக் கரையில் கோடை முழுக்க ராத்திரி என்று ஒன்று கிடையாது. ஆகஸ்ட் கடைசியில்தான் இருட்டு திரும்பி வரும். அதன் பின்னாலேயே, வானத்தில் பச்சையாக அசைந்துகொண்டு வடக்கு வெளிச்சமும் வந்து சேரும். பருவத்தின் முதல் வெளிச்சத்தை யார் முதலில் பார்த்து மற்றவருக்குக் காட்டுகிறாரோ, அவருக்குக் குளிர்காலம் முழுக்கக் கதகதப்பான அடுப்படி. தோற்றவர் வாசல் பனியை அள்ள வேண்டும். கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஆரம்பித்தது. விளையாட்டு அப்படியே நிற்க, ஒட்வார் மட்டும் பனி அள்ளிக்கொண்டே இருக்கிறார்.

உள்ளதைச் சொன்னால் அதில் அவருக்குப் பெருமைதான். ஆனால் போன மாதம் ஊர் டாக்டர் அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். மறுபடியும் கேட்டார். பிறகு, "இனிமே பனி அள்ளுற மண்வாரியைத் தொடவே கூடாது. இதயம் தாங்காது" என்று சொல்லிவிட்டார். ஒட்வார் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, காதில் அழுக்காம் என்று எல்ஃப்ரிட்டிடம் சொன்னார். என்னால் முடியாது என்று பெண்டாட்டியிடம் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. மானம் போகாமல் உயிரோடிருக்க ஒரே வழி, பந்தயத்தில் ஜெயிப்பது.

அதற்குத்தான் பக்கத்து வீட்டு கொல்பியோர்னிடமிருந்து இரவுப் பார்வைக் கருவியை வாங்கி வந்தார். கோழி திருடும் நரியைப் பிடிக்க அவன் வைத்திருந்தது. இரண்டு கண்ணிலும் வைத்துப் பார்த்தால் கும்மிருட்டிலும் எல்லாம் தெரியுமாம். பதிலுக்கு, எல்ஃப்ரிட் சதுப்பில் முதுகு ஒடியப் பொறுக்கிப் போட்ட மல்ட்டே பழ ஜாம் ஒரு ஜாடி அலமாரியிலிருந்து இடம் பெயர்ந்தது.

முதல் நாள் கருவியில் ஒன்றுமே தெரியவில்லை. மேகம் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து எல்லாம் தெரிந்தது. எல்லாமே விளக்குப் போட்ட மாதிரி பளிச்சென்று பச்சை. மலை பச்சை, ஆடு பச்சை, அவருடைய கையுறையும் பச்சை.

"தினமும் சாப்பிட்ட கையோட கொட்டகைக்கு எதுக்கு ஓடுற?" என்றாள் எல்ஃப்ரிட்.

"வலை தைக்க."

"வலையைத்தான் போன வருஷமே வித்துட்டோமே."

"அதான்... மிச்சம் ஏதாவது கிடக்கான்னு பார்க்கிறேன்."

எல்ஃப்ரிட் தட்டைக் கழுவப் போய்விட்டாள். அவள் திட்டாமல் போனால்தான் ஒட்வாருக்குப் பயம்.

நாலைந்து நாள் கழித்து, மலைக்கு மேலே கருவிக்குள் ஒரு பச்சைக் கோடு நெளிந்தது. ஒட்வார் இதயத்தை மறந்து ஓடினார்.

"எல்ஃப்ரிட்! வந்துடுச்சு! மலைக்கு மேல!"

அவள் வெள்ளை ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உனக்கு வயசாயிடுச்சு."

"உனக்கு மட்டும் குறைஞ்சுக்கிட்டே வருதாக்கும். அது என்ன கோட்டுக்குள்ள, இன்னொரு தொப்பையா?"

ஒட்வார் கருவியை வெளியே எடுத்தார். இடி விழும் என்று எதிர்பார்த்தார். விழவில்லை.

"கொல்பியோர்னோட நரிக் கருவியா! அவன் மேசையில என் ஜாம் ஜாடியைப் பார்த்தப்பவே நினைச்சேன்."

"பந்தயத்துல கருவி கூடாதுன்னு யாரும் சொல்லலையே?"

"சொல்லலைதான்."

"அப்போ இந்தா, நீயும் பாரு."

"மூக்குக் கண்ணாடிக்கு மேல அது உட்காராது. என் கண்ணுக்கு நேரா காட்டு, ஒத்துக்கறேன். இப்போ மங்கலா இருக்கு போல. கொஞ்சம் பலமாகட்டும். அதுவரைக்கும் ஓடிப்போயிடாம நீ பார்த்துக்கோ. கண்ணை மட்டும் எடுத்துடாதே!"

இவ்வளவு நியாயமான பெண்ணா என்று ஒட்வாருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. கருவியைக் கண்ணோடு அழுத்திக்கொண்டு வர்ணனையே ஆரம்பித்துவிட்டார்.

"அசையுது... இப்போ ரெண்டாப் பிரியுது... இப்போ கொல்பியோர்ன் கூரைக்கு நேரா!"

"அப்படியா? விடாதே, நல்லாப் பாரு."

கொஞ்ச நேரம் போனது.

"சரி, இப்போ அதை இறக்கிட்டுக் கையை நீட்டிக் காட்டு."

ஒட்வார் கருவியை இறக்கினார். உலகமே காணோம். மலை இல்லை, வேலி இல்லை, பெண்டாட்டி இல்லை. கண்ணுக்குள் ஒரு ஊதா வட்டம் மட்டும் நீந்திக்கொண்டிருந்தது.

"அதோ," என்றாள் இருட்டுக்குள்ளிருந்து எல்ஃப்ரிட். "மலைக்கு வலப்பக்கம். என்ன ஒரு அழகு! தெரியுதா?"

"இரு... இரு..."

"காலமெல்லாம் படகுல போன ஆளு நீ. விளக்கைப் பார்த்த கண்ணுக்கு இருட்டு பிடிபடாதுன்னு உனக்கு நான் சொல்லணுமா?"

அவர் கண் திரும்பும்வரை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். முதலில் வேலி வந்தது. பிறகு மலை. பிறகு அதற்கு மேலே, யாரோ காற்றில் உதறிவிட்ட துணி மாதிரி, அது. வருஷா வருஷம் பார்த்தாலும் ஒட்வாருக்கு அது புதுசுதான்.

"தெரியுது," என்றார். பொய் சொல்லியிருக்கலாம். அந்த வெளிச்சத்தின் கீழே நின்றுகொண்டு முடியவில்லை.

தோற்றாகிவிட்டது. கதவுக்குப் பின்னால் மண்வாரி காத்துக்கொண்டிருக்கிறது. பனி விழப்போகிறது. வாயை மூடிக்கொண்டு அள்ளினால், ஒரு நாள் காலையில் எல்ஃப்ரிட் வாசலில் வந்து பார்ப்பாள். என்ன பார்ப்பாள் என்பதை நினைக்க அவருக்குப் பயமாக இருந்தது.

"நாம சின்னப் புள்ளைங்களா இருந்தப்போ என்ன சொல்லுவாங்க?" என்றார் மெதுவாக. "அதுக்கு நேரா வெள்ளைத் துணியை ஆட்டினா வந்து தூக்கிட்டுப் போயிடும்னு. உன் ஏப்ரனைக் கழட்டி ஆட்டு. பனி வர்றதுக்குள்ள போய்ச் சேர்றேன்."

"உன்னை வச்சுக்கிட்டு அது என்ன பண்ணும்? அதுக்கு வேற வேலை இல்ல?"

"எல்ஃப்ரிட். காதுல அழுக்கு இல்ல."

"தெரியும்."

"இதயம்."

"அதுவும் தெரியும். உன் கால்சட்டையைத் துவைக்கறது யாரு? பையில மாத்திரையை வச்சுக்கிட்டு ரகசியம் வேற."

"அப்போ ஏன் கேக்கலை?"

"நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். இத்தனை வருஷம் கூட இருந்தவகிட்ட முடியலைன்னு சொல்ல ஒரு மாசமாடா உனக்கு?"

அவள் குரல் உடைந்ததைக் கேட்டு ஒட்வார் தலை குனிந்தார். அடுத்த நொடி அந்தத் தலை வழியாக வெள்ளை ஏப்ரன் வந்து கழுத்தில் விழுந்தது.

"நாளையிலேர்ந்து அடுப்படி உனக்கு. பனி எனக்கு. ஜெயிச்சவ சொல்றேன், மறுபேச்சு கூடாது. மீன் உருண்டைக்கு ஜாதிக்காய் போட மறந்துடாதே."

மார்பிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது அவருக்கு. சுமை இறங்கியதும் பழைய திமிர் மெல்ல எட்டிப் பார்த்தது.

"எல்லாம் சரி. ஆனா உண்மையில முதல்ல பார்த்தது நான்தான். அதையாவது ஒத்துக்கோ."

வாசற்படி ஏறிய எல்ஃப்ரிட் திரும்பிப் பார்த்தாள்.

"அது போன செவ்வாய்க்கிழமையே வந்துடுச்சு, ஒட்வார். கொடியில துணி எடுக்கும்போது பார்த்தேன். நீ அப்போ கொட்டகை வாசல்ல உட்கார்ந்து, மூடியைக் கழட்டாமலேயே கருவியில பார்த்துக்கிட்டிருந்தே."