புகைமானிக்கு வந்த சீக்கு

ஒரு காட்டில் ராணுவம் இருந்தது. எதிரி இருந்தானா என்று கேட்காதீர்கள், ராணுவம் இருந்தது, அவ்வளவுதான். எல்லையோரத்து மொட்டைப் பாறையில் முகாம் போட்டுக் காவல் காத்தார்கள். கிழிந்த பூட்ஸ், டயர், பிளாஸ்டிக் கேன், செத்த பேட்டரி என்று முகாமில் சேரும் குப்பையையெல்லாம் பின்பக்கத்துப் பள்ளத்தில் கொட்டி, சாயங்காலமானால் கொளுத்துவார்கள். எதிரியின் குண்டு ஒரு நாளும் வந்ததில்லை. அந்தப் புகை ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

அங்கே இருளப்பன் என்றொரு சிப்பாய். உடும்பு. பிடித்தால் விடாத வம்சம். அப்பேர்ப்பட்டவனுக்கு மூன்றே மாதத்தில் பாறையில் நாலடி ஏறினால் மூச்சு இரைத்தது. அவனோடு காவல் நின்ற முள்ளம்பன்றி செங்கோடன், இருமி இருமியே முள்ளெல்லாம் உதிர்ந்து, கடந்த பங்குனியில் செத்துப்போனான். தங்கமான சிநேகிதன். கிழங்கு தோண்டும்போது அகப்படும் புழுவையெல்லாம் இவனுக்கென்று எடுத்து வைப்பான். அடுத்தது நாம்தான் என்று இருளப்பனுக்குத் தெரிந்துவிட்டது, பயந்தான். சிப்பாய் பயப்படலாமா என்பவர்கள் ஒரு சாயங்காலம் அந்தப் பள்ளத்தோரம் போய் நின்று பார்க்கட்டும்.

சுகாதார அதிகாரி ஒரு கொக்கு. அவரிடம் போய், தன்னைச் சுனைமலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்படி கேட்டான். நல்ல காற்று, ஆறு மாத மருந்து, ஓய்வு எல்லாம் அங்கே உண்டு. கொக்கு பொல்லாதவர் இல்லை. ஒற்றைக்காலில் நின்றபடியே முழுவதையும் கேட்டுவிட்டுப் பதிவேட்டைப் புரட்டினார். எந்தச் சிப்பாய் எவ்வளவு புகை குடித்தான், அவன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கண்காணிக்க, சிங்கராஜா ஆளுக்கொரு புகைமானி கொடுத்திருந்தார். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சின்னக் கருவி, காற்றில் இருக்கும் புகையை அளந்து எண்ணாகக் காட்டும்.

"ஏம்பா, உன் புகைமானி மூணு மாசமும் பூஜ்யம் காட்டுது. புகையே படாதவனுக்குப் புகை இருமல் எப்படி வரும்?"

"கொளுத்துற நேரத்துல அதைக் கழட்டி, துணியில சுத்தி, டிரங்குப் பெட்டியில வைக்கணும்னு உத்தரவுங்கய்யா. புகை பட்டா கெட்டுப்போயிடும், சர்க்கார் சாமானாச்சே."

கொக்குக்கு அது தெரியாதா என்ன? அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். இருந்தாலும் பதிவேடு பதிவேடுதானே. ஆறுதலுக்காகச் செங்கோடனின் பக்கத்தையும் எடுத்துக் காட்டினார். புகை பூஜ்யம், உடல்நிலை திருப்தி. அவன் செத்து மூன்று நாள் கழித்தும் திருப்தியாகவே இருந்திருக்கிறான்.

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி வேண்டாமா? மறுநாள் சாயங்காலம் இருளப்பன் டிரங்கைத் திறந்தான், புகைமானியைக் கழுத்தில் மாட்டினான், நேரே பள்ளத்தோரம் போய் நின்றான். எண் நூறானது, நானூறானது, தொள்ளாயிரமானது. பிறகு கருவி ஒருமுறை முனகிவிட்டுக் கண்ணாடி கறுத்து நின்றுபோயிற்று. ஜெயிலில் போட்டாலும் பரவாயில்லை, அத்தாட்சி கிடைத்துவிட்டது என்று இருமிக்கொண்டே திரும்பி வந்தான்.

காடே அமர்க்களப்பட்டது. மூவர் கமிட்டி வந்தது. புகைமானியைப் படுக்கவைத்து, ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து, இந்தப் புகையில் ஒரு மணி நேரம் இருந்தாலே உள்ளே இருப்பதெல்லாம் கெட்டுப்போகும் என்று அறிக்கை எழுதியது. இருளப்பன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செங்கோடா, ஜெயித்துவிட்டோமடா என்று நினைத்தான்.

அறிக்கையின் கடைசி வரியைக் கொக்கு படித்தார். பாதிக்கப்பட்ட புகைமானியை ஆறு மாத ஓய்வுக்குச் சுனைமலைக்கு அனுப்ப வேண்டும் என்று இருந்தது. சிப்பாய்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனால் சட்டப்படி ஒரு புகைமானியை அதற்குரிய சிப்பாயின் கழுத்தைத் தவிர வேறெங்கும் மாட்டக்கூடாது. அதனால் கழுத்தும் கூடவே போனது, கழுத்தோடு மிச்ச உடும்பும் போனது.

சுனைமலையில் இன்னொரு சங்கடம். இருளப்பன் இருமும்போதெல்லாம் புகைமானி குலுங்கியது. நோயாளிக்கு அதிர்ச்சி ஆகாது என்று டாக்டர்கள் அவனுக்கு மூன்று வேளையும் மருந்து கொடுத்தார்கள். மருந்துச்சீட்டில் "சாமான் பராமரிப்பு" என்று எழுதிக்கொண்டார்கள். நாலே மாதத்தில் உடும்பு பாறை உச்சிக்கு ஒரே மூச்சில் ஏறியது. புகைமானி தேறவே இல்லை.

இருளப்பன் முகாமுக்கு ஒரு கடிதம் போட்டான். அதில் ஒரே வரி: டிரங்குப் பெட்டியைத் திறங்கள். அதற்கப்புறம் முகாமில் வாரத்துக்கு நாலு புகைமானியாவது சீக்கில் விழுந்தது. கடைசியில் பள்ளம் மட்டும் எரிந்துகொண்டிருக்க, காவலுக்கு மிஞ்சியவர் கொக்கு ஒருவர்தான். அதிகாரிகளுக்குப் புகைமானி கொடுப்பதில்லை. ஒரு சாயங்காலம் அவர் வாயைப் பொத்தி இருமிக்கொண்டே ஒவ்வொரு டிரங்காகத் திறந்து, மாட்டிக்கொள்ள ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.

நீதி: உன் உடம்பு கெட்டால் கேட்க நாதி இல்லை, ஆகவே உடம்பு கெடுமுன் ஒரு சர்க்கார் சாமானைக் கெடுத்து, அதைக் கெட்டியாகக் கட்டிக்கொள்.