ஓசி அண்ணாச்சியின் எண்பத்தெட்டுக் கட்டைகள்

சங்கரன்கோவிலில் ஓசி அண்ணாச்சியைப் போல ஒரு பிடிவாதக்காரர் இனிமேல் பிறந்துதான் வர வேண்டும். மைக்செட் கடைக்காரர், எங்கள் சர்ச்சில் பியானோ வாசிப்பவர். கம்ப்யூட்டரில் விலைக்கு விற்கும் மென்பொருளைத் தொடமாட்டார், திருட்டு நகலையும் தொடமாட்டார். யாரோ எழுதி, உலகத்துக்கே திறந்துவைத்த மென்பொருள்தான் வேண்டும். அதனால் வந்த பட்டம் 'ஓசி'.

சர்ச் பியானோவின் மரத்தைக் கரையான் தின்றுவிட்டது; சத்தம் மட்டும் மிச்சம், அதுவும் எத்தனை நாளைக்கோ. புது கீபோர்டு வாங்கிவிடலாம் என்றார் கமிட்டி செயலாளர். அண்ணாச்சிக்கு வந்ததே கோபம்!

"மரம் போனா போகட்டும் வே. சத்தத்த நான் விடமாட்டேன்."

ஒவ்வொரு கட்டையின் சத்தத்தையும் பதிவுசெய்து, சாம்ப்ளர் என்ற மென்பொருளில் ஏற்றி, தனக்கென்று சத்தமில்லாத வெறும் கட்டைப்பலகை ஒன்றை லேப்டாப்பில் மாட்டிப் பியானோ வாசிப்பாராம்.

"நல்ல சாம்ப்ளரு, திருட்டுக் காப்பி, எம் மவன்கிட்ட இருக்கு," என்றார் செயலாளர்.

"எட்டாங் கட்டளை என்ன வே? களவு செய்யாதிருப்பாயாக! செயலாளரு பேசுத பேச்சா இது?"

செயலாளர் கடுப்பில் ஒரு நிபந்தனை போட்டார்: சபைக்கே சோறு போடும் அசனப் பண்டிகையன்று சரியாக ஒலிக்காவிட்டால் கீபோர்டுதான்.

சர்ச்சைச் சுற்றிலும் விசைத்தறி. அது வாயை மூடுவது மாதாந்திர கரண்ட் கட் அன்று மட்டும். அன்று லேப்டாப் பேட்டரியை நம்பி அண்ணாச்சியும், அவரிடம் வாசிக்கப் பழகிக்கொண்டிருந்த நானும் உட்கார்ந்தோம். கட்டையை அழுத்தினால் சத்தம் தேய்ந்து மறையும்வரை அசையக்கூடாது. எனக்கோ ஜலதோஷம்.

"மூச்சு விடாதீரும் வே!"

எண்பத்தெட்டுக் கட்டை! நான் உயிரோடு வீடு திரும்பியது கர்த்தரின் கிருபை.

பிறகு சோதனை. நாலு சாம்ப்ளர்களை இறக்கினார். மைக் கேட்டு வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து, நடுக்கட்டை ஒன்றை அழுத்திப் பிடித்துக் கேட்கச் சொன்னார். சத்தம் பாதியில் அறுந்தால் போச்சு. "உசுரு இருக்கும்போதே குழியில போடுதான் வே, இது வேண்டாம்!" மூன்று தோற்றன. கடைசித் துளிவரை ஒலித்த நாலாவது தேறியது. மற்ற எண்பத்தேழு கட்டைகளை அப்படி யாரும் கேட்கவில்லை என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை.

பண்டிகை வந்தது. பாட்டெல்லாம் அருமை. கடைசி ஆமென்னில் இடது கோடியிலிருந்த அடிக்கட்டையை அழுத்திப் பிடித்தார். சத்தம் தேய்ந்து தேய்ந்து, சர்ச் முழுக்க நிசப்தம். அப்போது ஸ்பீக்கரில் அண்ணாச்சியின் குரல்:

"மூச்சு விடாதீரும் வே!"

போதகர் உட்பட அத்தனை பேரும் மூச்சை அடக்கிவிட்டார்கள். செயலாளர் துள்ளி எழுந்தார். "பாத்தீரா! கீபோர்டு வாங்கிருவோம்!"

அண்ணாச்சி அசரவில்லை. "ஏசினது நானு. அதுக்குப் பியானோ என்ன வே செய்யும்?"

போதகர் சிரித்துவிட்டார். லேப்டாப் தங்கிவிட்டது. அந்தக் குரலை நீக்க மட்டும் அண்ணாச்சி கடைசிவரை சம்மதிக்கவில்லை. "அதுவும் அன்னைக்கு அங்கன கேட்ட சத்தம்தான வே."

போன வருடம் அண்ணாச்சி காலமானார். இப்போது வாசிப்பவன் நான். அந்தக் குரலை வெட்டிவிடவா என்று செயலாளரிடம் கேட்டேன்.

"அதுல கை வச்சுப் பாரும், நடக்கதே வேற," என்றார்.

ஞாயிறுதோறும் கடைசி ஆமென் வரும். அண்ணாச்சி சொல்வதற்கு முன்பே நாங்கள் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொள்கிறோம்.