நாற்பத்தொரு மார்க் முகம்

"உங்கள் முகம் உங்களுக்குத் துணையா, துரோகியா?"

அரை மணிக்கு ஒரு தடவை வானொலி இப்படிக் கேட்டது. கேட்ட பெண்கள் கண்ணாடியைத் தேடி ஓடினார்கள். அதுவரை சிரித்து, சண்டை போட்டு, தும்மி, தூங்கி ஒழுங்காக இருந்த முகம் அன்றைக்குப் பார்த்துத் துரோகியாகத் தெரிந்தது.

பதில் சொல்வதற்கு நகர மன்றத்தில் ஓர் இயந்திரம் வந்து இறங்கியிருந்தது. பெயர் 'உண்மைக் கண்ணாடி'. முகத்தைக் காட்டினால் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டுவிடும். மார்க் குறைந்தால் பயப்பட வேண்டாம், பக்கத்து மேசையிலேயே களிம்பு டப்பா இருக்கிறது. இருபத்தொரு நாள் தடவிவிட்டு மறுபடி வந்தால் தொண்ணூறு நிச்சயம்.

கொண்டுவந்த ஆசாமி வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். டாக்டர் என்று போட்டுக்கொள்ளவில்லை. போட்டால் சட்டம் கதவைத் தட்டும். 'அழகாசான்' என்று போட்டுக்கொண்டார். அதைத் தட்டிக் கேட்க எந்தச் சட்டமும் இல்லை. அவர் முகத்துக்கு எத்தனை மார்க் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஆண் முகத்துக்குப் பரீட்சையே கிடையாது, எல்லோரும் ஆல் பாஸ்.

மன்றத்து வாசலில் வரிசை மூன்று தெரு நீண்டது. ஆசிரியை, நர்ஸ், பஸ் கண்டக்டர், கோர்ட்டில் எதிராளியை அழவைக்கும் வக்கீலம்மா என்று எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். களவு செய்துவிட்டுப் பிடிபட்டவர்கள் மாதிரி.

வானொலியில் அந்தக் கேள்வியைக் கேட்ட தேன்குரல் ஓர் அறிவிப்பாளருடையது. ஒன்பது வருஷமாக அவள் குரலில்தான் அந்த ஊர் கண் விழித்தது. முகத்தை யாரும் பார்த்ததில்லை, யாருக்கும் அது குறையாகவும் படவில்லை. போன வாரம் நிலைய மேலாளர் அவளைக் கூப்பிட்டார்.

"இனிமே நம்ம நிகழ்ச்சி போன்லயும் தெரியப் போகுதும்மா. குரல் மட்டும் போதாது. அந்த மெஷின்ல எழுபதாவது வாங்கிட்டு வா. இல்லைன்னா வேற பொண்ணைப் பார்க்கணும்."

போனாள். நாற்பத்தொன்று வாங்கினாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கண்ணாடியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

அவளுக்கு ஓர் அக்கா. எடை அளவை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை போடுவதும், கள்ளத் தராசைத் தூக்கிக்கொண்டு வருவதும் வேலை. சந்தையில் அவளைத் 'தராசு அக்கா' என்பார்கள், கொஞ்சம் பயத்தோடு. தங்கையைப் பார்க்க வந்தவள் துண்டைப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டாள். முதலில் சிரிப்புதான் வந்தது. அப்போது தங்கையின் ஆறு வயது மகள் ஓடிவந்து முகத்தை நிமிர்த்திக் காட்டினாள்.

"பெரியம்மா, எனக்கு எத்தனை மார்க்கு?"

அக்காவின் சிரிப்பு நின்றுபோனது.

"நாளைக்கு அந்த மன்றத்துக்கு நானும் வரேன்டி" என்றாள் தங்கையிடம்.

"நாளைக்கு அங்கேருந்து நேரடி ஒலிபரப்பு. நான்தான் மைக் பிடிக்கணும். வந்து வம்பு பண்ணாதேக்கா, புண்ணியமாப் போகும்."

"வம்பா? வேடிக்கை பார்க்க வரேன்."

மறுநாள் அக்கா மன்றத்தில் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தாள். கண் இயந்திரத்தில், காது மார்க்கில். முதல் தடவை வருகிறவர்களுக்கு வாசலில் மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். களிம்புக் கணக்கை முடித்துவிட்டு வருகிறவர்களுக்குப் பச்சை அட்டை. அட்டையை இயந்திரத்தின் வாயில் செருகினால்தான் அது பேசும். முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு, முப்பத்தொன்பது என்று மஞ்சள்காரிகள் வரிசையாகத் தோற்றார்கள். பச்சைக்காரிகள் எல்லோரும் தொண்ணூற்றுக்கு மேல்.

பூசணிக்காயை வைத்தாலும் புளியங்கொட்டையை வைத்தாலும் ஒரே எடை காட்டுகிற தராசை அக்கா தன் சர்வீஸில் நிறையப் பார்த்திருக்கிறாள்.

பச்சை வரிசையில் ஒரு தையல்காரம்மா நின்றிருந்தாள். களிம்பு தடவிய கன்னம் இரண்டும் சிவந்து தடித்திருந்தன.

"எரியுதாம்மா?" என்றாள் அக்கா.

"ராத்திரியெல்லாம் எரியுது. அழகு உள்ளே இறங்குதுன்னு ஆசான் சொன்னாரு."

"இறங்குச்சா இல்லையான்னு பார்த்துடலாமா? உங்க அட்டையை என் தங்கச்சிக்குக் கொடுங்க. அவ போன வாரம் வாங்கின மஞ்சளை நீங்க வாங்கிக்கோங்க."

தையல்காரம்மா யோசித்தாள். கன்னத்தைச் சொறிந்தாள். கொடுத்துவிட்டாள்.

தங்கையைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. "வேலை போயிடும்க்கா" என்றாள் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு.

"வேலை போனா வேற வேலை. உன் பொண்ணு நேத்து என்கிட்ட என்ன கேட்டா, உன் காதுல விழலையா?"

விழுந்திருந்தது. தங்கை பச்சை அட்டையை வாங்கிக்கொண்டு மேடை ஏறினாள்.

பச்சை செருகினாள். மணி அடித்தது. தொண்ணூற்று மூன்று!

"பார்த்தீர்களா!" என்று ஆசான் கையை விரித்தார். "இருபத்தொரு நாள் களிம்பின் மகிமை! தோலைப் பாருங்கள், என்ன பளபளப்பு!"

மன்றம் கைதட்டியது. தங்கை மைக்கை வாய்க்குக் கொண்டுபோனாள். குரல் நடுங்கவில்லை. ஒன்பது வருஷப் பழக்கம்.

"நேயர்களே, எனக்கு இந்த மெஷின் போன வாரம் நாற்பத்தொன்று போட்டது. இன்றைக்குத் தொண்ணூற்று மூன்று. இந்த ஒரு வாரத்தில் நான் முகத்தில் தடவியது தண்ணீர் மட்டும்தான்."

அடுத்து தையல்காரம்மா ஏறி மஞ்சளைச் செருகினாள். முப்பத்தாறு.

"முதல் தடவை வந்தப்போ நாற்பது போட்டீங்களே!" என்று அவள் கத்தினாள். "மூணு வாரம் எரிச்சலைத் தாங்கினதுக்கு நாலு மார்க்கு பிடுங்கிக்கிட்டீங்களா?"

கூட்டம் சலசலத்தது. ஆசான் அசரவில்லை. "இயந்திரம் தோலை மட்டுமா பார்க்கிறது? மனத்தையும் பார்க்கிறது. சந்தேகப்படுகிறவர்களுக்கு மார்க் குறையும்."

"அப்படியா? சந்தேகமே படாத ஒரு முகம் இருக்கு" என்றபடி அக்கா மேடைக்கு வந்தாள். களிம்பு டப்பா ஒன்றை எடுத்தாள். அதன் மேல் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்த விளம்பர அழகியின் படத்தை இயந்திரத்துக்கு நேராகப் பிடித்து, தையல்காரம்மாவின் கையிலிருந்த மஞ்சள் அட்டையை வாங்கிச் செருகினாள்.

முப்பத்தெட்டு.

அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அக்கா டப்பாவைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைக் காட்டித் தங்கையின் பச்சையைச் செருகினாள். தொண்ணூற்றைந்து. வெறும் டப்பா அடிக்கு!

"தொடாதே! அது வெளிநாட்டு இயந்திரம்!" என்று ஆசான் பாய்ந்தார். பஸ் கண்டக்டர் அவரைக் குறுக்கே மறித்து, "இறங்கி வரிசையில வாங்க" என்றாள். அதற்குள் அக்கா பின்பலகையைக் கழற்றிவிட்டாள். உள்ளே ஒரு பல்பு, ஒரு மணி, அட்டையின் நிறத்தை மட்டும் பார்க்கிற சின்னக் கண், நிறத்துக்குத் தக்கபடி ஏதோ ஓர் எண்ணை உருட்டிப்போடும் சக்கரம். முகத்தைப் பார்க்க அதில் ஒன்றுமே இல்லை. அந்த ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் ஒரு பல்புக்கு முன்னால் நின்று அழுதிருக்கிறார்கள்.

ஆசானைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. போகும்போது கோட்டைக் கழற்றியிருந்தார். சாதாரண ஆளாகத் தெரிந்தார். ஒரு நாற்பத்தொன்று கொடுக்கலாம்.

எல்லோருக்கும் புத்தி வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கூட்டம் கலையும்போது ஒரு பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொய்யோ மெய்யோ, தொண்ணூத்தொண்ணு வந்தப்போ மனசுக்கு நல்லா இருந்துச்சு. நீங்க வந்து கெடுத்துட்டீங்க."

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பெண்ணிடம் அதுவரை யாரும் அப்படி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதற்கு இயந்திரம் தேவைப்படவில்லை.

தங்கையின் வேலை போகவில்லை. நேரடி ஒலிபரப்பை ஊரே கேட்டுவிட்டதால் மேலாளரே மாலை போடாத குறையாகப் பாராட்டினார். இரண்டே வாரத்தில் ஒரு புது விளம்பரத்தையும் நீட்டினார். "உங்கள் கழுத்து உங்கள் வயதைக் காட்டிக்கொடுக்கிறதா?"

"நீங்களே படிச்சுக்குங்க சார்" என்று தங்கை எழுந்து போய்விட்டாள். மேலாளர்தான் தன் கரகரத்த தொண்டையில் படித்தார். அந்தக் குரலுக்கும் மறுநாள் காலை ஒரு வரிசை நின்றது, மூன்று தெருவுக்கு இல்லை, ஒன்றரைத் தெருவுக்கு.

கழுத்து முடிந்தால் காது, காது முடிந்தால் முழங்கை. பெண்ணின் உடம்பில் இன்னும் மார்க் போடாத இடம் எத்தனையோ பாக்கி இருக்கிறது. மார்க் போட உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று நாம் கேட்கத் தொடங்குகிறவரை, பல்புக்காரன் பிழைப்புக்குப் பஞ்சமே வராது.