வருஷத்துக்கு ஒருநாள் சுவாமி

மலேசியாவின் குளுவாங்கில் ஏர்கோன் ரிப்பேர் செய்யும் ரூபேந்திரனுக்கு வருஷத்தில் ஒரேயொரு நாள் ராஜயோகம். தீபாவளி என்று நினைத்தால் தப்பு. பிறந்தநாளா? அதுவுமில்லை. மனைவி சந்திரமதியின் பாஸைப் புதுப்பிக்க ஜோகூர் பாரு இமிகிரேஷன் ஆபீசுக்குப் போகிற நாள்தான் அது.

சந்திரமதி சங்கரன்கோவில்காரி. கல்யாணமாகி இங்கே வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஆனாலும் இந்த நாட்டுக் கணக்கில் அவள் இன்னும் மனைவி பாஸில் தங்கியிருக்கும் விருந்தாளி. வருஷா வருஷம் பாஸைப் புதுப்பிக்கணும். புருஷன் கூடவே வந்து கவுண்டரில் நிற்கணும். "இவளுக்கு நான் பொறுப்பு" என்று கையெழுத்துப் போடணும். அவன் வரமாட்டேன் என்று சண்டித்தனம் பண்ணினால் கதை கந்தல்.

மற்ற நாளில் அவன் பவிசு என்ன தெரியுமா? ஊரார் வீட்டுக்கெல்லாம் குளிர் ஏற்றுகிற மனுஷன், தன் வீட்டு ஏர்கோன் ரிமோட்டைத் தொட அனுமதி கேட்கணும். சட்டை அவள் எடுத்து வைப்பது. முடிவெட்டு அவள் சொல்லும் அளவு. அவன் பேரில் இருப்பது மோட்டார் சைக்கிளும் சளியும்தான். ஆனால் பாஸ் தேதி நெருங்கினால் போதும், காற்று திசை மாறும். ஒரு வாரத்துக்கு முன்பே அடுப்பில் ஆட்டுக்கறி ஏறும். "ஏங்க, இன்னொரு கரண்டி போடட்டுமா?" என்பாள். அந்த 'ஏங்க'வில் தேன் சொட்டும். வருஷத்தின் மிச்ச 'ஏங்க'வெல்லாம் மிளகாய்த்தூள்.

கவுண்டரில் இன்னொரு விசேஷம். அதிகாரி தலையை நிமிர்த்தி, "சுவாமி மானா?" என்று கேட்பார். புருஷன் எங்கே என்று அர்த்தம். மலாயில் புருஷனுக்குச் சுவாமி என்றுதான் பெயர். ரூபேந்திரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வருவான். அந்தக் கர்வம் வீடு திரும்பும்வரை இறங்காது.

"கேட்டியா சந்திரா? மலாய்க்காரங்ககூட புருஷனைச் சுவாமின்னுதான் சொல்றாங்க."

"பொருத்தமாத்தான் சொல்றாங்க. வச்ச இடத்துல இருக்கும். எம்புட்டுக் கத்தினாலும் காதுல விழாது. படையல் மட்டும் நேரத்துக்கு வேணும்."

போன வருஷம் சந்திரமதி பி.ஆருக்கு விண்ணப்பம் போட்டாள். நிரந்தரவாசம். கிடைத்தால் சிவப்பு ஐ.சி., அதாவது அடையாள அட்டை, கையில் வரும், வருஷா வருஷம் அலையவேண்டாம். "பத்து வருஷம் ஆனாத்தான் கேக்க முடியுமாம்" என்று அவள் எப்போதோ சொல்லியிருந்தாள். ரூபேந்திரன் ஃபாரம் படிக்கிற ஆளில்லை. அவள் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுகிற ஆள். போட்டான். விண்ணப்பம் போனது. அப்புறம் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் வேலை, காத்திருப்பதுதான்.

வீட்டில் எதைக் கேட்டாலும் ஒரே பதில். புது சோபா? பி.ஆர் வரட்டும். பசார் பக்கம் அவள் பேரில் ஒரு தையல்கடை? பி.ஆர் வரட்டும். ஊருக்குப் போய் அம்மாவைப் பார்க்கிறது? "எப்பக் கூப்பிடுவாங்கன்னு தெரியாதே, பி.ஆர் வரட்டும்." போன் அடித்தால் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவாள். விளம்பரக்காரனாக இருந்தால் அவனுக்கும் கொஞ்சம் திட்டு விழும்.

ரூபேந்திரனும் காத்திருந்தான். ஆனால் அவன் காத்திருந்தது வேறு மாதிரி. சிவப்பு ஐ.சி. வந்துவிட்டால் தன் கையெழுத்து எதற்கு? கையெழுத்தே வேண்டாம் என்றால், கையெழுத்துப் போடுகிறவன் எதற்கு? அவளுக்குத் தையல் தெரியும், கணக்குத் தெரியும், இவனைவிட நன்றாக மலாய்கூடப் பேசுவாள். அவளிடம் இல்லாமல் தன்னிடம் இருக்கிற ஒன்று, இந்த நாட்டில் பிறந்ததுதான். அதையும் சர்க்கார் அவளுக்குப் பாதி கொடுத்துவிட்டால்? ஏணி மேல் நின்று ஏர்கோனைத் துடைக்கும்போதெல்லாம் இந்த யோசனைதான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். உள்ளே வைத்துக்கொண்டால் வலித்தது.

அப்படியிருக்கையில் ஒருநாள் அவள் ஊருக்குப் போன் பேசுவது காதில் விழுந்தது. "பி.ஆர் வரட்டும்மா. வந்ததும் வந்துடுறேன். ஆமாம்மா, வந்துடுறேன், வந்துடுறேன்."

மனுஷன் நேரே பக்கத்து வீட்டுத் தங்கராஜுவிடம் ஓடினான். தங்கராஜு குடும்ப விவகாரங்களில் கரைகண்டவர். காரணம், அவர் மனைவி அவரை விட்டுத் தனியாகப் போய்ப் பல வருஷமாகிறது.

"தம்பி, பதறாதே. ஒரே ஒரு கேள்வி. 'வந்துட்டுப் போறேன்'னு சொல்லிச்சா, 'வந்துடுறேன்'னு சொல்லிச்சா?"

"வந்துடுறேன்னு."

"அலமாக்! போச்சு!"

"ஏண்ணே? என்ன வித்தியாசம்?"

"என்னப்பா, நீ தமிழ்ஸ்கூல்லதானே படிச்சே? வந்துட்டுப் போறவ இங்கே திரும்பி வருவா. வந்துடுறவ அங்கேயே வந்துடுவா. இலக்கணம் லா!"

"சும்மா பேச்சுக்குச் சொல்லியிருப்பா."

"எத்தனை தரம் சொல்லிச்சு?"

"மூணு தரம்."

தங்கராஜு எழுந்து அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். துக்க வீட்டில் தட்டுவது மாதிரி இருந்தது.

அன்றைக்கே ரூபேந்திரன் ஒரு தீர்மானத்துக்கு வந்தான். பி.ஆரைத் தடுக்க அவனால் முடியாது. தடுக்கிற அளவுக்குக் கெட்டவனும் இல்லை. கொஞ்சம் தள்ளிப்போட்டால்? ஒரு வருஷம். இன்னும் ஒரே ஒரு தடவை அவளோடு கவுண்டரில் நின்றுவிட்டால் போதும். அதற்குள் ஏதாவது வழி தோன்றாதா?

சந்தர்ப்பம் தானாக வந்து கதவைத் தட்டியது. ஒரு சீனர் வீட்டில் ஏணி மேல் நிற்கும்போது போன் வந்தது. இமிகிரேஷனிலிருந்து ஓர் அதிகாரி, மரியாதையான குரல். சந்திரமதியின் சுவாமியா பேசுவது என்று மலாயில் கேட்டார். இன்டர்வியூவுக்கு இரண்டு பேரும் வரணும் என்று ஆரம்பித்தார்.

ரூபேந்திரன் அவரை முடிக்கக்கூட விடவில்லை. "புக்கான், புக்கான்" என்றான். இல்லை, இல்லை. "சாலா நொம்போர்!" ராங் நம்பர் என்று வைத்துவிட்டான்.

சுவாமி என்று கூப்பிட மாட்டார்களா என்று வருஷம் பூரா ஏங்குகிற ஆள், கூப்பிட்டபோது நான் இல்லை என்று சொல்லிவிட்டான். தப்புப் பண்ணிவிட்டோம் என்று அப்போதே தெரிந்தது. திருப்பிக் கூப்பிடலாமா என்று போனைப் பார்த்தான். தைரியம் வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் ஆட்டுக்கறி வாசனை. பாஸ் தேதிக்கு இன்னும் பல மாசம் இருக்கிறது. உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தான்.

"ஏங்க."

தேனா, மிளகாய்த்தூளா? பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"என்ன சந்திரா?"

"உங்க நம்பர் மாறிடுச்சா?"

"இல்லையே. ஏன்?"

"இமிகிரேஷன்லேர்ந்து எனக்குப் போன் வந்துச்சு. முதல்ல உங்களுக்குத்தான் அடிச்சாங்களாம். எவனோ எடுத்து ராங் நம்பர்னு வச்சுட்டானாம்."

"அடப்பாவி! எவன் அவன்?"

"அதான் நானும் யோசிக்கிறேன்."

யோசித்துக்கொண்டே போனை எடுத்தாள். அடித்தாள். ரூபேந்திரனின் சட்டைப்பை பாட்டுப் பாடியது.

"எடுங்க."

"எதிர்லதானே உக்காந்திருக்கே?"

"எடுங்க."

கறிக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடதுகையால் எடுத்தான். "ஹலோ."

"ஹலோ, சந்திரமதியோட சுவாமிங்களா?"

"ஆ... ஆமா."

"நல்லவேளை, நம்பர் சரியாத்தான் இருக்கு. வியாழக்கிழமை காலையில இன்டர்வியூ. வேலைக்கு லீவு சொல்லிடுங்க." வைத்துவிட்டாள். "இன்னொரு கரண்டி போடட்டுமா?"

அவ்வளவுதான். திட்டவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. தட்டை எடுத்துக் கழுவினாள், துணி மடித்தாள், தூங்கினாள். அவள் திட்டாதது அவனைப் போட்டுப் பிராண்டியது. வியாழக்கிழமைவரை திட்டுக்காக ஏங்கிக்கொண்டு திரிந்தான்.

ஜோகூர் பாருவில் விசாரித்தது நடுவயது அம்மா ஒருவர். சிரித்த முகம். விசாரணை எல்லாம் மலாயில்; அம்மா என்பதற்கு அங்கே 'புவான்'. சந்திரமதி டக்டக்கென்று பதில் சொன்னாள். அப்புறம் அவர் ரூபேந்திரன் பக்கம் திரும்பினார். உங்கள் மனைவிக்கு எதற்காகப் பி.ஆர் வேண்டும் என்கிறீர்கள்?

வரும் வழியெல்லாம் சந்திரமதி சொல்லிக்கொடுத்த பதில் ஒன்று இருந்தது. அது எங்கே போனதோ! வாயில் வந்தது ஒரே வார்த்தை. "தாக்குட்."

"பயமா? என்ன பயம்?"

ரூபேந்திரன் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "இவ ஊருக்குத் திரும்பிப் போயிடுவாளோன்னு, புவான்."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "போய்விடுவார் என்று பயந்தால், இங்கேயே தங்குவதற்குத்தானே பி.ஆர்?"

அட, ஆமாம்! இத்தனை மாசம் மண்டையை உடைத்துக்கொண்டவனுக்கு இது தோன்றவேயில்லை. தங்கராஜுவின் இலக்கணத்திலும் இது இல்லை. அசடு வழிந்தான். பக்கத்தில் சந்திரமதி சிரிக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா கோப்பைப் புரட்டினார். "இன்னொன்று. ஐந்து வருஷம் ஆனாலே விண்ணப்பிக்கலாமே. ஏன் இவ்வளவு தாமதம்?"

ரூபேந்திரன் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணிமைக்காமல், "வேலை அதிகம், புவான்" என்றாள். பதில் வரும், காத்திருங்கள் என்று அனுப்பிவைத்தார்கள்.

வெளியே சாலையோர ஒட்டுக்கடை ஒன்றில் தே தாரிக் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். சந்திரமதிதான் ஆரம்பித்தாள்.

"அதுக்குத்தான் ராங் நம்பரா?"

"ம்."

"நான் எங்கே போவேன்னு நினைச்சீங்க?"

"அம்மாகிட்டச் சொன்னியே, வந்துடுறேன்னு. வந்துட்டுப் போறேன்னு சொல்லலியே. நான் காதால கேட்டேன் சந்திரா. பி.ஆர் வந்துட்டா என் கையெழுத்து உனக்கு வேணாம். அப்புறம் நான் மட்டும் உனக்கு எதுக்கு?"

சொல்லிவிட்டான். சொன்னபிறகு மூச்சு லேசாக வந்தது. சந்திரமதி கிளாஸைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டுப் போறேன்னு சொன்னா எங்கம்மா போன்லயே அழுதுடும்ங்க. அதுக்காக வந்துடுறேன்னு சொல்வேன். இங்கே வந்த வருஷத்துலேர்ந்து அதையேதான் சொல்லிட்டிருக்கேன். அதுவும் நம்புற மாதிரியே கேட்டுக்கும்."

அவள் குரல் லேசாக உடைந்தது. ரூபேந்திரனுக்கு வெட்கமாகப் போயிற்று. பதினோரு வருஷத்தில் அவள் அம்மாவை எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று அவன் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அவள் போய்விடுவாளோ என்று பயந்தானே தவிர, அவள் விட்டுவிட்டு வந்ததை நினைத்ததில்லை. மேஜைக்கு மேலேயே அவள் கையைப் பிடித்தான். நாலுபேர் பார்க்கிற இடத்தில் அவன் செய்கிற காரியமில்லை அது.

"அடுத்த மாசமே போயிட்டு வா. நானும் வர்றேன்."

"பாக்கலாம்."

"சரி, அஞ்சு வருஷம் போதும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"அஞ்சாவது வருஷமே."

"பின்ன என்கிட்டப் பத்துன்னு சொன்னே?"

சந்திரமதி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "அந்த ஒருநாள் நீங்க நெஞ்ச நிமித்திக்கிட்டு நடப்பீங்க. கவுண்டர்ல உங்களக் கூப்பிட்டா முகமெல்லாம் பல்லாயிடும். ஆபீஸ் வாசலைத் தாண்டறவரைக்கும் எனக்குக் கதவு திறந்து விடுவீங்க. பி.ஆர் வந்துட்டா அது போயிடும்ல? பாவமாயிருந்துச்சு. இன்னொரு வருஷம், இன்னொரு வருஷம்னு தள்ளிட்டே வந்தேன்."

ஒரு வருஷம் தள்ளிப்போட அவன் பொய் சொன்னான். அவனுக்காக அவள் அஞ்சு வருஷம் தள்ளிப்போட்டிருக்கிறாள். அந்த ஆட்டுக்கறியெல்லாம் கையெழுத்துக்கு லஞ்சம் என்று நினைத்துத் தின்றோமே என்று நினைத்துக்கொண்டான். இப்போது அவள் விண்ணப்பம் போட்டதற்கும் இப்படித்தான் ஏதோ ஓர் ஆழமான காரணம் இருக்கும். தன்மேல் வந்த நம்பிக்கையாக இருக்கலாம். அதை அவள் வாயாலேயே கேட்க ஆசை வந்தது.

"அப்ப போன வருஷம் மட்டும் ஏம்மா விண்ணப்பம் போட்டே?"

"எத்தனை வருஷந்தாங்க நான் உங்களப் பெரியமனுஷனாக்குறது? வரிசையில நின்னு நின்னு முட்டி வலிக்குதுல்ல!"