லடாக்கில் வேகாத சோறு: செயலாளர் அறிக்கை

இமயமலையைக் கண்டித்துத் தீர்மானம் போடும் துணிவு உலகில் ஒரேயொரு அமைப்புக்குத்தான் உண்டு. அது எங்கள் மாப்பிள்ளையூரணி கருப்பட்டி, பலசரக்கு வியாபாரிகள் முன்னேற்றச் சங்கம். அதன் செயலாளர் என்ற முறையில் இதை அடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

சென்ற ஜூனில் தலைவர் காசிலிங்கம் அண்ணாச்சியையும் சேர்த்துப் பதினொரு பேர் லடாக் சுற்றுலா போனோம். வெளியூர்ச் சாப்பாடு தலைவருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே சங்கத்துக் கல்யாண மண்டபத்தின் சமையல்காரர் ஆறுமுகத்தாயும் கூட வந்தார். ஒரு மூட்டை அரிசியும், 'முன்னெச்சரிக்கை'யாக ஏரலில் பிடித்த நாலு கேன் தாமிரபரணித் தண்ணீரும் வந்தன.

லே நகரில் விடுதி அடுப்பில் உலை தளதளவென்று கொதித்தது. ஒரு மணி நேரம் கழித்து வடித்தால், சோறு மேலே குழைந்து உள்ளே கல்லாக இருந்தது. தலைவரின் கடைவாய்ப் பல் ஆட்டம் கண்டது.

"ஏளா, இருவது வருசமா கல்யாணச் சோறு வடிக்க. இங்கன வந்து அரிசிய ஊறப்போட்டு வச்சிருக்கியா?"

"மலை ஒசரத்துல தண்ணி சீக்கிரமே கொதிச்சிருமாம் அண்ணாச்சி, ஆனா சூடு பத்தாதாம். விடுதிக்காரரு சொல்லுதாரு. குக்கர் தாரேங்காரு, அதுல வச்சா வெந்துரும்."

"குக்கர் சோறு சீக்காளி திங்கது! வடிச்சாத்தான் சோறு. தாமிரபரணித் தண்ணி கொதிக்குது, சூடு இல்லைங்கியே, யாருகிட்ட கத வுடுத?"

மூன்று நாள் மரபைக் காத்தோம். நாலு பேருக்கு வயிறு போயிற்று. நாலாம் நாள் காலை ஆறுமுகத்தாய்மேல் விசாரணைக் குழு கூடியது. பதினொரு பேரும் உறுப்பினர்கள்.

"வேலய மட்டும் எடுத்துராதீய அண்ணாச்சி. மவளுக்கு இது காலேசுல கடைசி வருசம்" என்றார் ஆறுமுகத்தாய்.

தீர்ப்பு மதியத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. நான் 'சாட்சியம் திரட்ட' சமையலறைக்குப் போனேன். விடுதிக்காரரின் பெரிய குக்கர் திறந்திருந்தது. உள்ளே பூப்போலச் சோறு, பக்கத்தில் பருப்பு.

"அண்ணாச்சிக்கு ருசி காட்டலாம்னு வச்சேன். நீங்க சாப்பிடுங்க தம்பி, மொகம் வாடிக் கெடக்கு" என்றார் ஆறுமுகத்தாய்.

இரண்டு தட்டு சாப்பிட்டேன். கை கழுவ வெளியே வந்தால், வாசலில் பொருளாளர் நின்றார். அவருக்குப் பின்னால் துணைத் தலைவர். இப்படியே ஒவ்வொருவராகச் சாட்சியம் திரட்டினார்கள். கடைசியாகத் தலைவரே வந்து, "ஏளா, அடியில ஏதும் கெடக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். ஆறுமுகத்தாய் தனக்கு வைத்திருந்ததையும் சேர்த்து வழித்துப் போட்டார்.

மதியம் குழு மீண்டும் கூடியது. தீர்மானம் ஒன்று: தாமிரபரணித் தண்ணீரின் சூட்டைக் குறைத்த இமயமலையை வன்மையாகக் கண்டிக்கிறோம். தீர்மானம் இரண்டு: தடையை மீறிக் குக்கரில் சோறாக்கிய ஆறுமுகத்தாய் பணிநீக்கம். ஆதாரமாகக் காலிக் குக்கரை மேசைமேல் வைத்தார் தலைவர்.

"எல்லாரும் சாப்பிட்டீயல்லா?" என்று மட்டும் கேட்டார் ஆறுமுகத்தாய்.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நிகழ்ச்சி நிரலில் அதற்கு இடம் ஒதுக்கவில்லை.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பதினொரு கையெழுத்திலும் பருப்பின் மஞ்சள் ஒட்டியிருக்கிறது. என்னுடையதில்தான் அதிகம், இரண்டு தட்டு சாப்பிட்டவன் நான்.