தலைத் தீபாவளியில் இரண்டு ஏஸ்

கையில் மோசமான சீட்டு இருக்கும்போது எந்த மனிதனும் அடக்கமாகத்தான் இருக்கிறான். அவனுடைய உண்மையான லட்சணம் தெரிய வேண்டுமானால் நல்ல சீட்டைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். எனக்கு ஒருமுறை, இருப்பதிலேயே மிக நல்ல சீட்டு வந்தது. அதை வைத்துக்கொண்டு நான் செய்ததைக் கழுதைகூடச் செய்திருக்காது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எண்பதுகளின் நடுப்பகுதி. மலேசியாவில், சிரம்பானை ஒட்டிய சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். (பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பதினோரு பேருக்கு மேல் நான். எனக்கு மேல் மற்ற எல்லோரும்.) சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். இரண்டாவது பேனாவால் நான் எதையும் எழுதியதாக ஞாபகம் இல்லை.

அந்த வருஷம் புது இயந்திரம் பொருத்துவதற்காக அமெரிக்காவிலிருந்து ஒரு இஞ்சினியர் வந்திருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர்தான் எங்களுக்கு ஹோல்டம் என்ற போக்கர் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். ஆளுக்கு இரண்டு சீட்டு, யாருக்கும் காட்டக் கூடாது. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. முதலில் மூன்றைத் திறப்பார்கள், பிறகு ஒன்று, கடைசியாக இன்னொன்று. கையில் இருப்பதையும் நடுவில் இருப்பதையும் சேர்த்துப் பார்த்து, ஒரு ஜோடியை இரண்டு ஜோடி வெல்லும் என்பதுபோல், யாருக்குப் பெரிய சேர்க்கையோ அவருக்கே மொத்தப் பந்தயமும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், பயமாக இருந்தால் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கலாம். எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம் என்பதால் அதற்கு 'நோ லிமிட்' என்று பெயர்.

அவர் எங்களுக்குச் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்றுதான். முதல் இரண்டு சீட்டும் பலமாக இருந்தால், ஆரம்பத்திலேயே பந்தயத்தை நன்றாக ஏற்றிவிட வேண்டும். குப்பைச் சீட்டு வைத்திருப்பவனை மலிவாக உள்ளே விடக் கூடாது. விட்டால் நடுவில் விழும் சீட்டில் அவனுக்கு ஏதாவது சேர்ந்துவிடும். இதை நான் ஒரு நோட்டில் எழுதி, சிவப்பு மையால் இரண்டு கோடும் போட்டேன். பிறகு யோசித்துப் பார்த்ததில், இது சாதாரண மூளைக்காரர்களுக்காகச் சொன்னது என்று தோன்றியது. என் போன்றவர்கள் நல்ல சீட்டை ஒளித்து வைத்து, எல்லோரையும் உள்ளே வரவிட்டு, மொத்தமாக அமுக்குவோம்.

கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. சிரம்பானில் ஒரு வாடகை அறையில் இருந்தோம். வேலை முடிந்து வந்ததும் பாயில் உட்கார்ந்து, இல்லாத நான்கு பேருக்குச் சீட்டுப் போட்டு நானே எல்லோருக்காகவும் விளையாடுவேன். பக்கத்தில் பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டிருக்கும் என் மனைவி தவமணிக்கு, அவள் கேட்காமலேயே பாடமும் நடத்துவேன். எந்தச் சீட்டு பலம், எது குப்பை, எப்போது ஏற்றுவது என்று எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, "ஒனக்கு எங்க வெளங்கப் போவுது" என்று முடிப்பேன்.

தவமணி ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்பு அந்தத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தவள். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவளுக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. இடம் கிடைத்திருக்கிறது, விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும், சம்மதப் படிவத்தைக் கணவரின் கையெழுத்தோடு நிரப்பி அனுப்புங்கள் என்று.

"அதெல்லாம் சரிப்பட்டு வராது" என்றேன்.

"ஏங்க?"

"எனக்கு யாரு சமைப்பா?"

இதைவிடக் கேவலமான ஒரு காரணத்தை இன்றைக்கு உட்கார்ந்து யோசித்தாலும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று அது அசைக்க முடியாத வாதமாகத் தெரிந்தது. அவள் கடிதத்தை மடித்துச் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். விஷயம் முடிந்துவிட்டது என்று நான் ஏஸ், கிங் பக்கம் திரும்பிவிட்டேன்.

தலைத் தீபாவளிக்கு மாமியார் வீட்டுக்குப் போனோம். மாமா தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி. அவருடைய தம்பி, எல்லோருக்கும் சின்னையா, தோட்டத்து லோரி ஓட்டுபவர். தவமணியின் அண்ணன் ராமு எண்ணெய் ஆலையில் வேலை. ஆட்டுக்கறியும் இட்லியுமாக மதியச் சாப்பாடு முடிந்து, பாயை விரித்து, சின்னையா வழக்கமான ஆட்டத்துக்குச் சீட்டை எடுத்தார். நான் சிரித்தேன். மாப்பிள்ளைகள் சிரிக்கும் ஒரு சிரிப்பு இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.

"இன்னும் இதத்தான் ஆடுறீங்களா சின்னையா? வெள்ளைக்காரன் ஆட்டம் ஒண்ணு இருக்கு. மூளை இருந்தாத்தான் ஆட முடியும்."

"நம்மகிட்ட இருக்கிறத வச்சு ஆடுவோம் மாப்ள" என்றார் சின்னையா.

காசு வைத்து ஆட மாமா சம்மதிக்கவில்லை. ராமு வெளியே போய் ஒரு வாளி நிறைய ரப்பர் கொட்டை கொண்டுவந்தான். ஆளுக்கு ஐம்பது. ஐந்து பேர் இருந்தால் நன்றாக இருக்குமே என்று, நான் பெருந்தன்மையாக அத்தையையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து சீட்டாடுகிற பழக்கமெல்லாம் அத்தைக்குக் கிடையாது. "எனக்கு என்னா தெரியும், பலகாரம் வேல கெடக்கு" என்று குசினியிலிருந்து குரல் வந்தது. அதற்கும் நானே வழி கண்டுபிடித்தேன். குசினி வாசலில் ஒரு பூப்போட்ட திரை தொங்கியது. அத்தை திரைக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும். தவமணி சீட்டைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, அத்தை சொல்வதை வந்து சொல்லட்டும்.

ஆட்டத்தைக் கால்மணி நேரம் விளக்கினேன். எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம் என்பதைச் சொல்லும்போது கையை அகல விரித்து, "வரம்பே கெடையாது மாமா, வரம்பே கெடையாது!" என்றேன். (அது தப்பு. தனக்கு முன்னால் இருப்பது வரைக்கும்தான் கட்டலாம். அந்த விதியை இஞ்சினியர் சொன்னபோது நான் மீகோரேங் சாப்பிடுவதில் மும்முரமாக இருந்தேன்.)

ஆட்டம் நடந்தது. சின்னையா எல்லாவற்றுக்கும் கட்டினார். மாமா எதற்கும் கட்டவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து மட்டும் விசித்திரமான விளையாட்டு. நாலு தடவை பேசாமல் சீட்டைப் போட்டுவிடுவது. ஐந்தாவது தடவை, "அம்மா பத்து கொட்ட ஏத்துறாங்க" என்று தவமணி வந்து நிற்பது. யாராவது துணிந்து உள்ளே போனால் அங்கே இரண்டு கிங் இருக்கும்.

"புதுசா ஆடுறவங்களுக்கு இப்படித்தான் சீட்டு விழும்" என்று திரையைப் பார்த்து உரக்கச் சொன்னேன். "ரொம்ப நல்லா ஆடுறீங்க அத்தே!"

பதில் வரவில்லை. அடக்கமான பெண்மணி என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்தக் கை வந்தது. முதல் சீட்டைத் தூக்கினேன், ஸ்பேட் ஏஸ். இரண்டாவது, டைமன் ஏஸ். நெஞ்சு லோரி இஞ்சின் மாதிரி அடித்தது. நோட்டின் முதல் வரி, சிவப்பு மையில் இரண்டு கோடு. இஞ்சினியர் அங்கே இருந்திருந்தால், "ஏற்று, மடையா, இப்போதே ஏற்று" என்று கத்தியிருப்பார். நான் கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறந்து, "ம்... சும்மா ரெண்டு கொட்ட" என்றேன்.

இரண்டு கொட்டைக்கு யார் ஒதுங்குவார்கள்? எல்லோரும் உள்ளே வந்தார்கள். திரையும் வந்தது. வலையில் நான்கு மீன் என்று எனக்குள் குதூகலம்.

நடுவில் மூன்று சீட்டு திறந்தார்கள். ஒன்பது, ஏழு, நாலு. மூன்றும் வெவ்வேறு ஜாதி. இந்த மூன்றும் என்னை என்ன செய்யும்? மறுபடி கொட்டாவி, மறுபடி ஒரு சின்னப் பந்தயம். மாமா போட்டுவிட்டார். சின்னையாவும் ராமுவும் போட்டுவிட்டார்கள். "அம்மா கட்டுறாங்க" என்றாள் தவமணி.

நாலாவது சீட்டு குயின். இப்போது அமுக்க வேண்டிய நேரம். என் முன்னால் இருந்த கொட்டை அத்தனையையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினேன். சில கொட்டைகள் உருண்டு அலமாரிக்கு அடியில் போயின.

தவமணி திரைக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்தாள்.

"அம்மா கட்டுறாங்க. அவங்ககிட்ட இன்னும் கொட்ட மிச்சம் இருக்கு. ஏத்தலாமான்னு கேக்குறாங்க."

"என்கிட்ட கொட்ட இல்லையே."

"வரம்பே இல்லன்னீங்களாம். வேற எதையாச்சும் வைக்கலாமான்னு கேக்குறாங்க."

நான் சிரித்தேன். அதே சிரிப்பு. "எத வேணா வைக்கச் சொல்லு!"

"மக்தப் கடுதாசி" என்றாள். கல்லூரியைத்தான் சொன்னாள். "நீங்க ஜெயிச்சா அத இங்கயே கிழிச்சிப் போட்டுரலாம், இனிமே பேச்சே இல்ல. அம்மா ஜெயிச்சா நீங்க கையெழுத்துப் போடணும்."

பாயில் இருந்த மூன்று ஆண்களும் என்னைப் பார்த்தார்கள். மாமா மெதுவாக, "வெளாட்டுக்குக் கேக்குறாளுங்க மாப்ள, விடுங்கலா" என்றார். அந்த நல்ல மனிதர் எனக்குத் தப்பிக்க ஒரு வாசலைத் திறந்து வைத்தார். நான் அதை இழுத்துச் சாத்தினேன். இரண்டு வாரமாக வீட்டில் ஊமையாகக் கிடந்த ஒரு தொல்லை இன்றோடு தொலையப் போகிறது. அதுவும் இரண்டு ஏஸ் கையில் இருக்கும்போது!

"சரி. வச்சாச்சு" என்றேன்.

கடைசிச் சீட்டு இரண்டு. யாருக்கும் உதவாத இரண்டு. நான் என் ஏஸ்களை ஒவ்வொன்றாக, பாயில் சத்தம் கேட்கும்படி அடித்து வைத்தேன்.

தவமணி மறுபடி திரைக்குள் போகவில்லை. இடுப்பில் சொருகியிருந்த இரண்டு சீட்டை எடுத்து என் ஏஸ்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு ஏழு. ஒரு நாலு. நடுவில் ஏற்கெனவே ஒரு ஏழு, ஒரு நாலு. இரண்டு ஜோடி. என்னிடம் ஒரே ஜோடி.

"ஏழும் நாலுமா!" என்று கத்தினேன். "அது குப்பச் சீட்டு! அத வச்சு யாரும் ஆடவே கூடாது! அத்தைக்கு ஆட்டமே வெளங்கல!"

அந்த நேரம் பார்த்து முன்வாசல் வழியாக அத்தை உள்ளே வந்தார். கையில் காலித் தட்டுகள்.

"என்னா மாப்ள, வெளாட்டு முடிஞ்சிருச்சா? நா லயத்துல எல்லா வீட்டுக்கும் பலகாரம் குடுத்துட்டு இப்பத்தான் வர்றேன். கெளம்பி ஒரு மணி நேரமாச்சு."

சின்னையா துண்டை வாயில் அமுக்கிக்கொண்டு குலுங்கினார். ராமு எழுந்து வெளியே ஓடிவிட்டான். நான் திரையைப் பார்த்தேன், அத்தையைப் பார்த்தேன், கடைசியில் பார்க்க வேண்டிய ஆளைப் பார்த்தேன்.

"நீதானா?"

"அம்மா ரெண்டு ஆட்டத்திலேயே போயிட்டாங்க" என்றாள் தவமணி. முந்தானையில் முடிந்து வைத்திருந்த படிவத்தை எடுத்து என் முன்னால் நீட்டினாள். அவளுக்கும் அது விளையாட்டாக இருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "நீங்க ஆரம்பத்திலயே பத்து கொட்ட கேட்டிருந்தா ஏழு நால நா அப்பவே போட்டிருப்பேன். ரெண்டுதானே கேட்டீங்க. ஒங்க நோட்டுல முதல் பக்கத்துலயே எழுதியிருக்கே."

"என்கிட்ட ஏஸ் இருக்கும்னு தெரியலையா?"

"தெரியுமே. நல்ல சீட்டு வந்தாத்தான் கொட்டாவி விடுவீங்க. மூணு மாசமா பாயில பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

தொழிற்சாலையில் பதினோரு பேரை மேய்ப்பவன், என் சட்டைப் பையின் முதல் பேனாவை எடுத்தேன். அது மை ஒழுகிவிட்டது. அப்போதுதான் இரண்டாவது பேனாவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக வேலை வந்தது. மாமா படிவத்தை வாங்கி, காய்வதற்காக ஊதிக்கொடுத்தார்.

அவள் படிக்கப் போனாள். நான் சமைக்கக் கற்றுக்கொண்டேன். முதல் மாதம் நான் வடித்த சோற்றைப் பக்கத்து அறைக்காரர் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, கஞ்சி வைத்திருக்கிறீர்களே என்று விசாரித்தார். படிப்பு முடிந்து அவளை ரெம்பாவ் பக்கம் ஒரு பள்ளியில் போட்டார்கள். பஸ் நேரம் ஒத்துவரவில்லை. தினமும் விடிகாலையில் அவளை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, திரும்பி சுங்கை காடுட்டுக்கு வேலைக்கு வருவேன். மோட்டார் பிறகு பழைய கார் ஆனது. பதினெட்டு வருஷம் ஓடியது.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் எனக்கு வணக்கம் சொல்வார்கள். நானும் மரியாதையாகத் தலையாட்டுவேன். அவர்கள் என்னை யார் என்று நினைத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. போன வருஷம்தான் தெரிந்தது. சிரம்பானில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவர், தவமணியைப் பார்த்ததும், "டீச்சர்!" என்று ஓடிவந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார். ரெம்பாவில் அவளிடம் படித்தவராம். பிறகு என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அண்ணே, நீங்க டீச்சரோட டிரைவர்தானே? இன்னுமா வேலைல இருக்கீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் தவமணி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தபடியே சொன்னாள்: "இருக்காருலா. நிறுத்திட்டா வேற வேல கெடைக்காது, பாவம்."

அதைக் கேட்டுக்கொண்டு நின்ற என் மகள் அன்று மாலைக்குள் இரண்டு தாலுக்காவுக்குச் செய்தி அனுப்பிவிட்டாள். இப்போது கல்யாண வீடுகளில் எனக்குத் தனியாக ஒரு நாற்காலி போடுகிறார்கள், கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில். சாப்பாடு பரிமாறுகிறவர் என் இலைக்கு வரும்போது, பின்னாலிருந்து யாராவது ஒருவர் குரல் கொடுக்காமல் இருப்பதில்லை: "டிரைவருக்கு நல்லா வையிங்க, அவரு டீச்சர வீட்டுல கொண்டுபோய் விடணும்."